மனநோயைக் கண்டறிதல்: குழந்தைப் பருவம் முதல் முதுமை வரை குடும்பத்தார் அறிய வேண்டியவை

இந்தியாவில் மனநலப் பாதிப்பு உள்ளவர்களில் பெரும்பாலோர் அதற்கான சிகிச்சையைப் பெறுவதில்லை. பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 2015-16-ஆம் ஆண்டுகளில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் மேற்கொள்ளப்பட்டது. வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு அப்போது ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நோயின் வகையைப் பொறுத்து, சிகிச்சை கிடைக்காதவர்களின் பங்கு 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தது. அதாவது, பாதிக்கப்பட்ட பத்துப் பேரில் குறைந்தது ஏழு பேர் உரிய சிகிச்சையின்றி வாழ்ந்து வந்தனர்.

மருத்துவர் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் அன்று. இது நோய்தான் என்பதை வீட்டில் உள்ளவர்கள் உணராமல் போவதும் அதே அளவு முக்கியமான காரணம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் குடும்பங்களை மனத்தில் கொண்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது. மனநோயை மருத்துவர்கள் எவ்வாறு கண்டறிகிறார்கள், ஒவ்வொரு வயதிலும் அது எந்த வடிவில் தோன்றுகிறது, அதில் உங்கள் பங்கு என்ன என்பவற்றை இங்கே விளக்குகிறோம்.

சேவை அருகில் வந்துள்ளது

தேசிய மனநலத் திட்டம் 1982-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் கீழ் 1996-ஆம் ஆண்டு மாவட்ட மனநலத் திட்டம் உருவானது. தமிழ்நாட்டில் இத்திட்டம் முதலில் செயல்படத் தொடங்கியது 1997-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் பெரம்பலூர் அம்மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகியிருந்தது. அக்காலத்தில் குரும்பலூரிலிருந்து ஒருவரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வது என்றால் திருச்சிக்கோ சென்னை கீழ்ப்பாக்கத்துக்கோ பயணம் செய்வது என்றே பலர் எண்ணினர். அதற்கு முன்பாகக் குணசீலத்திலோ ஏர்வாடியிலோ ஒரு மண்டலம் தங்கவைத்துப் பார்ப்பது வழக்கமாக இருந்தது.

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் இருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்களில் பலர் அவர்களுடைய சொந்தக் குடும்பத்தினர். அன்பு இல்லாததால் அவ்வாறு செய்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. வேறு வழி இருப்பதை அவர்களிடம் எவரும் சொல்லவில்லை, அல்லது சொன்ன வழி எட்டாத தொலைவில் இருந்தது. அந்நிகழ்வை உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மனநலச் சேவை குறித்த அரசின் பொறுப்பு நாடு முழுவதும் பேசுபொருளானது.

இன்று நிலைமை மாறியுள்ளது. பெரம்பலூர் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. 2022-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் அருகில் உள்ளன. 2022 அக்டோபர் 10 முதல் டெலி-மானஸ் என்னும் தேசியத் தொலைபேசி மனநலச் சேவை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி இயங்குகிறது. 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் நாடு முழுவதிலுமிருந்து அதற்கு வந்த அழைப்புகள் 20 இலட்சத்தைக் கடந்துவிட்டன. ஆகவே மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையிலான தொலைவு குறைந்துள்ளது. எஞ்சியிருப்பது, வீட்டில் காணும் மாற்றத்தை நோய் என்று அறிந்துகொள்வதற்கு ஆகும் காலம். அதைக் குறைப்பது பெரும்பாலும் உங்கள் கையில் உள்ளது.

மருத்துவர் எதைக் கொண்டு முடிவு செய்கிறார்?

சர்க்கரை நோய்க்கு இரத்தப் பரிசோதனை உள்ளது. எலும்பு முறிவுக்கு எக்ஸ்-ரே உள்ளது. மனச்சோர்வையோ மனச்சிதைவையோ உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனை இதுவரை இல்லை. “ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று பலர் கேட்கின்றனர். ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும்போது எடுக்கப்படுகின்றன. அவற்றின் நோக்கம், மனநோய் போலத் தோன்றக்கூடிய உடல் நோய்களை விலக்குவது. தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு, இரத்தத்தில் சோடியம் குறைதல், மூளைக் கட்டி, வலிப்பு நோய், சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவை மனநிலையையும் நடத்தையையும் மாற்றக்கூடியவை.

உடல் நோய் இல்லை என்று தெரிந்த பிறகு, மருத்துவர் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகிறார்.

முதலாவது, மாற்றம். இவர் முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார்? ஒப்பீடு அவருடைய பழைய நிலையோடு செய்யப்படுகிறது. பக்கத்து வீட்டாரோடு அன்று. இயல்பிலேயே குறைவாகப் பேசுபவர் குறைவாகப் பேசுவது நோயன்று. ஊர் முழுவதும் கலகலப்பாகப் பேசித் திரிந்தவர் திடீரென வாய் திறக்காமல் இருப்பது கவனிக்க வேண்டிய மாற்றம்.

இரண்டாவது, காலம். இது எத்தனை நாளாக உள்ளது? உலக நல நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு 2022 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி மனச்சோர்வு என்று கூற, அறிகுறிகள் ஏறத்தாழ ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதியும், குறைந்தது இரண்டு வாரங்கள் நீடித்திருக்க வேண்டும். மனச்சிதைவு நோய்க்கு இக்கால அளவு ஒரு மாதம். கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறுக்கு ஆறு மாதம். அதன் அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கவும் வேண்டும்.

மூன்றாவது, பாதிப்பு. இதனால் உறக்கம், உணவு, வேலை, படிப்பு, உறவு ஆகியவற்றுள் எது கெட்டுள்ளது? துயரம் இருந்தும் கழனிக்குச் செல்கிறார், உண்கிறார், உறங்குகிறார் என்றால் அவருக்குத் தேவை ஆறுதல். கழனிக்கே செல்லாமல், பயிர் காய்வதைப் பொருட்படுத்தாமல் படுத்தே கிடக்கிறார் என்றால் அவருக்குத் தேவை மருத்துவம்.

இம்மூன்று கேள்விகளுக்கும் நோயாளி தாமே முழுமையாக விடை சொல்ல இயலாமல் போகலாம். சில நோய்களில், தமக்கு நோய் உள்ளது என்ற உணர்வே நோயாளிக்கு இருப்பதில்லை. அப்போது உடன் வாழ்பவர் சொல்லும் விவரமே மருத்துவருக்குக் கிடைக்கும் முதன்மையான சான்று. ஆகவே நீங்கள் கவனித்துச் சொல்வது நோயறிதலின் ஒரு பகுதியாகும்.

ஒன்பது கேள்விகள், பத்துக் கேள்விகள் கொண்ட வினாத்தாள்கள் இணையத்திலும் கைப்பேசியிலும் கிடைக்கின்றன. அவை முதல்நிலைச் சோதனைக்கானவை. மதிப்பெண் கூடுதலாக வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள். நோய் உறுதியாகிவிட்டது என்று பொருளன்று.

குழந்தைப் பருவம்

“அவன் அப்பாவும் நான்கு வயதில்தான் பேசினான்” என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. அந்த ஆறுதலில் ஓராண்டு, ஈராண்டு கழிந்துவிடுகிறது. பன்னிரண்டு மாதத்தில் மழலை ஒலியோ கையால் சுட்டிக்காட்டுதலோ இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் வரவில்லை, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, கண்ணோடு கண் பார்க்காமை, முன்பு பேசிய சொற்களை இழத்தல் ஆகியவையும் உடனே காட்ட வேண்டிய அறிகுறிகள். முதலில் செவித்திறன் பரிசோதிக்கப்படும். அடுத்து ஆட்டிசம், அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு ஆகியவை உள்ளனவா என்று பார்க்கப்படும். அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு மனநோய் அன்று. மனநலப் பராமரிப்புச் சட்டமும் அதை மனநோயிலிருந்து பிரித்தே வைத்துள்ளது. ஆயினும் இரண்டுக்கும் தொடக்கக் காலப் பயிற்சி பெரிதும் பயன் தரும்.

பள்ளிக்குச் செல்லும் குழந்தை வாயால் சரியாகப் பதில் சொல்கிறது, ஆனால் எழுத்துகளை மாற்றி எழுதுகிறது, வாசிக்கத் திணறுகிறது என்றால், அதைச் சோம்பல் என்று அடிப்பதற்கு முன் கற்றல் குறைபாடு உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஓரிடத்தில் அமராமை வீட்டில் மட்டுமா, பள்ளியிலும் உண்டா என்பது மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி. ஆகவே ஆசிரியர் சொல்வதை எழுதி வாங்கி வாருங்கள். குழந்தையின் மனச்சோர்வு அழுகையாக வராமல், வயிற்றுவலி, பள்ளிக்குச் செல்ல மறுத்தல், எரிச்சல் என்ற வடிவில் வரலாம்.

2013-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வருகின்றன. குழு வரும் நாளில் உங்கள் ஐயத்தை அவர்களிடம் சொல்லுங்கள். மாவட்டத்தின் இளம் சிறார் இடையீட்டு மையத்துக்கு அவர்கள் பரிந்துரைப்பார்கள்.

வளரிளம் பருவமும் இளமையும்

மனநோய்கள் பெரும்பாலும் இந்தப் பருவத்திலேயே தொடங்குகின்றன. உலகின் பல நாடுகளில் நடந்த 192 ஆய்வுகளைத் தொகுத்து 2022-ஆம் ஆண்டு வெளியான பகுப்பாய்வின்படி, மனநோய்களில் ஏறத்தாழ பாதி 18 வயதுக்குள்ளும், 62 விழுக்காடு 25 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன. பிள்ளை உயர்நிலைப் பள்ளியிலிருந்து கல்லூரிக்கும், கல்லூரியிலிருந்து வேலைக்கும் நகரும் காலம் இது. வீட்டிலிருந்து விலகி விடுதியில் தங்கும் காலமும் இதுவே. மாற்றத்தைக் கவனிக்கும் கண் அருகில் இல்லாத நேரத்தில் நோய் தொடங்குகிறது.

இந்த வயதில் கோபம், தனிமை விருப்பம், பெற்றோரோடு வாக்குவாதம் ஆகியவை ஓரளவு இயல்பானவை. எதை இயல்பு என்று விடக்கூடாது? நண்பர்களையும் தவிர்ப்பது, நன்றாகப் படித்தவரின் மதிப்பெண் காரணமின்றிச் சரிவது, இரவு முழுவதும் விழித்திருப்பது, குளிப்பதையும் உடை மாற்றுவதையும் கைவிடுவது, தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்வது, “நான் இருந்து என்ன பயன்” என்று பேசுவது ஆகியவற்றை விடக்கூடாது. தேர்வு முடிவு வெளியாகும் நாள்களில் இக்கவனம் இருமடங்கு வேண்டும்.

யாரோ தம்மைப் பின்தொடர்கிறார்கள், சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள், தொலைக்காட்சி தம்மைப் பற்றியே பேசுகிறது என்று கூறுதல், பிறர் காதில் விழாத குரல் கேட்டுத் தனியே பேசிச் சிரித்தல் ஆகியவை மனச்சிதைவு போன்ற தீவிர மனநோயின் அறிகுறிகள். இவற்றைக் காற்று, கருப்பு, செய்வினை என்று பொருள்கொண்டு மந்திரிக்கச் செல்லும் வழக்கம் இன்றும் நம்மிடையே உண்டு. வழிபாடு உங்களுக்கு மனவலிமை தருமானால் அதை மருத்துவர் எவரும் தடுக்க மாட்டார். ஏர்வாடியிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் தரும் ஏற்பாட்டை அரசு செய்தது. மருந்தைத் தள்ளிப்போடாமல் வழிபடுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். நோய் தொடங்கியதற்கும் சிகிச்சை தொடங்குவதற்கும் இடையிலான காலம் நீள நீள, குணமடைவது கடினமாகிறது.

இந்நோய் வந்தால் வாழ்வு முடிந்துவிட்டது என்பதும் உண்மையன்று. 1980-களின் தொடக்கத்தில் சென்னையில் முதன்முறையாக மனச்சிதைவு நோய்க்கு உள்ளான 90 பேரைச் சென்னை ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். பத்தாண்டுகளுக்குப் பிறகு அவர்களுள் பெரும்பாலோர் நல்ல நிலையில் இருந்தனர்.

பேறுகாலம்

குழந்தை பிறந்த மூன்றாம், நான்காம் நாள்களில் தாய்க்குக் காரணமின்றி அழுகையும் படபடப்பும் வருவது பரவலானது. இரண்டு வாரங்களுக்குள் அது தானே நீங்கிவிடும். இரண்டு வாரங்களைக் கடந்தும் துயரம் நீடித்தால், குழந்தைமீது பற்று வரவில்லை என்று தாய் சொன்னால், குழந்தை உறங்கும்போதும் அவருக்கு உறக்கம் வரவில்லை என்றால், அது பேறுகாலத்துக்குப் பிந்திய மனச்சோர்வாக இருக்கலாம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண்ணிடம், “பச்சை உடம்புக்காரி அழக்கூடாது” என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். கணவர் வெளிநாட்டில் வேலையில் இருக்கும் வீடுகளில் தாயின் உறக்கத்தையும் பேச்சையும் மற்றவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் இதைச் சொல்லலாம்.

ஆயிரம் பேறுகளில் ஒன்று அல்லது இரண்டில் இதைவிடத் தீவிரமான நிலை ஏற்படுகிறது. தாய் நிலைகொள்ளாமல் அலைதல், தொடர்பின்றிப் பேசுதல், குழந்தையைப் பற்றி விபரீதமான எண்ணங்களைக் கூறுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இது அவசர நிலை. தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டும். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் உள்ளன. பாலைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டியதில்லை. அதேபோல், மனநல மருந்து உட்கொள்ளும் பெண் கருத்தரிக்க விரும்பினால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் கருவுக்குத் தீங்கு செய்யும்.

நடுவயது

உழைக்கும் வயதில் மனச்சோர்வு பெரும்பாலும் உடலின் மொழியில் பேசுகிறது. தலைக்கனம், கை கால் அசதி, நெஞ்சுப் படபடப்பு, முதுகு எரிச்சல், வாயு, “நரம்புத் தளர்ச்சி” என்றே நோயாளிகள் சொல்கின்றனர். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைவிக்கும் வட்டாரம் இது. உடல்வலியை உழைப்பின் பங்காகவே எடுத்துக்கொள்ளும் பழக்கம் இங்கு இயல்பானது. பல மருத்துவர்களைப் பார்த்தும், பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்தும் வலி நீங்கவில்லை என்றால், உறக்கம் எப்படி உள்ளது, முன்பு விரும்பியவற்றில் இப்போதும் விருப்பம் உள்ளதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் விடை “இல்லை” என்றால் மனநலப் பிரிவுக்கு வருவது சரியான அடுத்த படி. அங்கே வருவதால் வலி பொய் என்று ஆகிவிடாது. வலி உண்மையானது, அதன் வேர் வேறிடத்தில் உள்ளது.

ஆண்களிடம் மனச்சோர்வும் மனப்பதற்றமும் மதுவுக்குப் பின்னால் மறைந்திருப்பதுண்டு. குடிப்பதால் சோர்வா, சோர்வால் குடியா என்பதை அறிய, குடியை நிறுத்திய சில வாரங்களுக்குப் பிறகு மருத்துவர் மீண்டும் மதிப்பிடுவார். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாள்களில் கடும் நடுக்கம், வியர்வை, இல்லாத உருவங்களைக் காணுதல், இடமும் நேரமும் அறியாத குழப்பம் ஆகியவை வரலாம். அதைப் பேய் என்று எண்ணி வீட்டில் கட்டிவைப்பது உயிருக்கு ஆபத்து. உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

முதுமை

நாடு தழுவிய முதியோர் ஆய்வு 2017-18-ஆம் ஆண்டுகளில் நடந்தது. 60 வயதைக் கடந்தவர்களில் 8.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருக்கக்கூடும் என அது காட்டியது. ஆனால் தமக்கு மனச்சோர்வு உள்ளதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்று கூறியவர்கள் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. மற்றவர்களின் சோர்வு, “வயதாகிவிட்டது” என்ற ஒரு சொல்லில் அடங்கிவிட்டது.

முதுமையில் மூன்று நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். அவை எவ்வளவு விரைவில் தொடங்கின என்பதே முதன்மையான குறிப்பு.

மணிக்கணக்கில் அல்லது ஓரிரு நாள்களில் குழப்பம் தொடங்கி, காலையில் தெளிவும் இரவில் கலக்கமுமாக மாறி மாறி வந்தால், அது பெரும்பாலும் உடல் நோயின் விளைவு. சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, சோடியம் குறைவு, சர்க்கரை தாழ்தல், தூக்க மாத்திரை ஆகியவை காரணமாகலாம். இது அவசர நிலை. காரணத்தைச் சரிசெய்தால் தெளிவு திரும்பும்.

சில வாரங்களில் தொடங்கி, “எனக்கு ஒன்றும் நினைவில் நிற்கவில்லை” என்று முதியவரே வருந்திச் சொல்லி, உணவும் உறக்கமும் குறைந்தால், அது மனச்சோர்வாக இருக்க வாய்ப்பு மிகுதி. இது சிகிச்சையால் நீங்கக்கூடியது.

மாதங்கள், ஆண்டுகள் எனச் சிறிது சிறிதாக மறதி வளர்ந்து, முதியவர் அதை மறுக்க, வீட்டார் மட்டுமே கவனிக்கும் நிலை மறதிநோயாக இருக்கலாம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாக 2023-ஆம் ஆண்டு வெளியான மதிப்பீடு கூறுகிறது. கேட்டதையே திரும்பக் கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, பணக் கணக்கில் தடுமாறுவது ஆகியவை தொடக்க அறிகுறிகள். மறதிநோய் என்று முடிவு செய்யும் முன் தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனைகள் அவசியம். அவற்றின் குறைவால் வரும் மறதி சரிசெய்யக்கூடியது.

பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, முதியவர் தனித்து வாழும் வீடுகள் பெருகிவருகின்றன. “நன்றாக இருக்கிறேன்” என்று தொலைபேசியில் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். என்ன சமைத்தார், மாத்திரையை எப்போது எடுத்தார், யார் வீட்டுக்கு வந்தார்கள் என்று கேட்டால் மாற்றம் தெரியும்.

நோயின் பெயர் ஏன் மாறுகிறது?

“முதலில் மனச்சோர்வு என்றார்கள், இப்போது இருமுனைக் கோளாறு என்கிறார்கள், எது சரி?” என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. இரண்டும் அந்தந்த நேரத்தில் சரியாக இருக்கலாம். இருமுனைக் கோளாறு பலருக்கு மனச்சோர்வாகவே தொடங்கும். சில ஆண்டுகள் கழித்து உறக்கமின்றியும் களைப்பின்றி இருத்தல், அளவற்ற பேச்சு, வரம்பற்ற செலவு, பெரும்பெரும் திட்டங்கள் என்ற எழுச்சி நிலை ஒரு வாரமோ அதற்கு மேலோ வரும்போதுதான் நோயின் முழு உருவம் தெரியும். அவ்வாறே, சில நாள்களில் திடீரெனத் தோன்றிய தீவிர மனநோய் மூன்று மாதங்களுக்குள் முற்றிலும் நீங்கினால் ஒரு பெயர். நீடித்தால் வேறு பெயர்.

பெயர் மாறினால் மருந்தும் மாறும். ஆகவே பழைய மருந்துச் சீட்டுகளையும் புறநோயாளிச் சீட்டுகளையும் தூக்கி எறியாதீர்கள். முன்பு எந்த மருந்தால் பயன் கிடைத்தது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது அடுத்த முடிவுக்கு வழிகாட்டும். மனச்சோர்வுக்கான மருந்துகள் பயன் தரத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். நலமான பிறகும் மருத்துவர் சொல்லும் காலம் வரை தொடர வேண்டும். நீங்களாகவே திடீரென நிறுத்தக்கூடாது.

சட்டம் தரும் பாதுகாப்பு

“பெயர் வந்துவிட்டால் திருமணம் நடக்காது, சொத்துரிமை போய்விடும், வேலை போய்விடும்” என்ற அச்சமே பலரை மருத்துவமனை வாயிலிலிருந்து திருப்பி அனுப்புகிறது. 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டத்தை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி, மனநோயை ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். சாதி, மதம், ஏழ்மை ஆகியவற்றைக் காரணமாகக் காட்டியோ, குடும்பத்தின் அல்லது ஊரின் வழக்கத்துக்கு ஒருவர் கட்டுப்படவில்லை என்றோ, அவரை மனநோயாளி என்று கூற முடியாது. முன்பு சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே இன்று அவருக்கு நோய் உள்ளது என்பதற்குச் சான்றாகாது. உரிய நீதிமன்றம் அறிவித்தாலன்றி, மனநோய் என்ற முடிவு அவரைச் சித்த சுவாதீனமற்றவர் ஆக்காது.

அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மருத்துவமனைகளில் மனநலச் சிகிச்சை பெறுவது உரிமை. நோய் விவரத்தை மறைவாகக் காக்க வேண்டியது மருத்துவமனையின் கடமை. எந்தவிதத்திலும் சங்கிலியால் பிணைப்பது தடை செய்யப்பட்டுள்ளது. காப்பீட்டில் உடல் நோய்க்கு இணையாக மனநோயும் கருதப்பட வேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளப்பட வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் 115-ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே காவல்துறை வழக்கு வரும் என்று அஞ்சி, அத்தகையவரை மருத்துவமனைக்கு அழைத்து வரத் தாமதிக்க வேண்டாம்.

மருத்துவமனைக்கு வரும் முன்

ஒரு தாளில் கீழ்க்கண்டவற்றை எழுதிக்கொண்டு வந்தால், குறுகிய நேரத்திலும் மருத்துவரால் தெளிவான முடிவுக்கு வர இயலும்.

• மாற்றத்தை முதலில் எப்போது கவனித்தீர்கள்? நாள் நினைவில்லை என்றால் “பொங்கலுக்கு முன்”, “அறுவடைக்குப் பின்” என்று எழுதினாலும் போதும்.
• முன்பு எப்படி இருந்தார்? வேலை, படிப்பு, பேச்சு, நட்பு ஆகியவற்றில் இப்போது என்ன வேறுபாடு?
• உறக்கம், உணவு, உடல் எடை எவ்வாறு மாறியுள்ளன?
• மது, புகையிலை, பிற போதைப் பொருள் பழக்கம் உண்டா?
• சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு, தலைக்காயம் உண்டா? உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பெயர்கள், நாட்டு மருந்து உட்பட.
• குடும்பத்தில் வேறு எவருக்கேனும் மனநோயோ தற்கொலை முயற்சியோ இருந்ததா?
• அண்மையில் இழப்பு, கடன், பிரிவு, வேலை மாற்றம் நிகழ்ந்ததா?

நோயாளியின் முன்னிலையில் சொல்லத் தயங்கும் செய்தி இருந்தால், தனியே பேச வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவ்வாறே நோயாளியும் மருத்துவரிடம் தனியே பேச வாய்ப்புக் கொடுங்கள்; பெண்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் இது மிகவும் தேவை. பொய் சொல்லி அழைத்து வர வேண்டாம். “உனக்கு உறக்கம் வரவில்லை அல்லவா, அதற்காக மருத்துவரைப் பார்ப்போம்” என்று அவருக்கே தொல்லை தரும் ஒன்றைச் சொல்லி அழையுங்கள். அவர் வர மறுத்தால், முதலில் நீங்கள் மட்டும் வந்து ஆலோசனை பெறலாம்.

உடனே செயல்பட வேண்டிய நிலைகள்

சாக வேண்டும் என்று பேசுவது, பிறரிடம் விடைபெறுவது போல நடந்துகொள்வது, உணவும் நீரும் முற்றிலும் மறுப்பது, தம்மையோ பிறரையோ தாக்க முனைவது, திடீர்க் குழப்பம் ஆகியவற்றில் மறுநாள் வரை காத்திருக்கக்கூடாது. “சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?” என்று நேரடியாகக் கேட்பதால் அவ்வெண்ணம் தூண்டப்படாது, பலருக்குச் சொல்லி ஆறுவதற்கு அதுவே வாயிலாகிறது. அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிக்கொல்லிகளையும் மாத்திரைகளையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள், அல்லது பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். 108 அவசர ஊர்தியை அழையுங்கள். பேசி ஆலோசனை பெற 14416 அல்லது 104 என்ற எண்களை எந்நேரமும் அழைக்கலாம்.

அவசரம் இல்லாத நிலையில், அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். அங்குள்ள மருத்துவர் உடல் நோய் உள்ளதா என்று பார்த்து, தேவைப்பட்டால் மாவட்ட மனநலக் குழுவுக்குப் பரிந்துரைப்பார். மாவட்ட மனநல மருத்துவர் வட்ட மருத்துவமனைக்கு வரும் நாள் எது என்பதை அங்கேயே கேட்டறியலாம். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. வீட்டில் ஒருவரிடம் இரண்டு வாரமாக ஒரு மாற்றத்தைக் கவனித்து வருகிறீர்கள் என்றால், மேலே உள்ள பட்டியலை இன்றே நிரப்பத் தொடங்குங்கள்.